அருமைநாயகி ரீச்சரின் வெள்ளிக்கிழமைத் தாள்

கோப்பாயிலிருந்து நீர்வேலிக்குப் போகிற வழியில், வாழைத்தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், ஒரு சின்ன லுத்தரன் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு சரி. நூற்று நாற்பது பிள்ளைகள், ஏழு ஆசிரியர்கள், ஒரு மாமரம், ஒரு ரோனியோ மெஷின். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் திருநீறு பூசிக்கொண்டு வந்து, காலையில் லுத்தரன் செபத்துக்குக் கைகூப்பி, பின்னேரம் பிள்ளையார் கோயில் மணிக்கும் கைகூப்புகிறவர்கள். இதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. கடவுளுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கே இரண்டாம் வகுப்புப் படிப்பித்தவர் அருமைநாயகி ரீச்சர். உபதேசியார் ஒருவரின் ஒரே மகள். தாயும் தகப்பனும் போனபின் கோப்பாயில் தனி வீடு, ஒரு கிணறு, ஒரு லேடீஸ் சைக்கிள். கலியாணம் இரண்டு தரம் பேசி வந்து இரண்டு தரமும் குழம்பிப்போனது. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "எனக்கு நேரம் கிடைக்கேல்லை" என்று ஒரே பதில். கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டு போவார். ஆனால் பிள்ளை ஆசை அப்படி வாயடைத்து அனுப்பக்கூடியதாக இல்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைக் கடைசிப் பிள்ளை வரை பார்த்து நிற்பார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார்.

1984இல் அதிபர் செல்வநாயகம் மாஸ்டர்தான் அந்த வேலையை அவரிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு ஒரு தாள் கொண்டுபோக வேண்டும். மேல்பாதியில் அந்தக் கிழமைச் செய்தி: வியாழன் பல் டொக்டர் வருவார், விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளைச் சட்டை, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பெற்றோர் பள்ளிக்கு ஓடிவர வேண்டாம், பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் நாங்கள் இறக்குவோம். கீழ்ப்பாதியில் "பெற்றோர் கவனத்துக்கு" என்று ஒரு பகுதி. பிள்ளையை எப்படி வளர்ப்பது, எப்படிக் கதைப்பது, எதற்கு அடிக்கக் கூடாது என்று ரீச்சர் எழுதுவார். மெழுகுத்தாளில் இரும்புமுனைப் பேனாவால் கீறி, பிழைவிட்டால் சிவப்பு மருந்து பூசிக் காயவைத்து, மேலே திருப்பி எழுதி, ரோனியோவில் சுற்றிப் பிரதி எடுப்பார். கை நிறைய மை.

"பிள்ளை பெறாத ரீச்சர் பிள்ளை வளர்க்கப் படிப்பிக்கிறா" என்று ஊரில் ஒரு பகிடி ஓடியது. ஓடினாலும், வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தத் தாளை வாசிக்காத வீடு கிடையாது. வாசித்தது அறிவுரைக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். ரீச்சர் யாருடைய பெயரையும் எழுதமாட்டார். "சில பெற்றோர்" என்றுதான் தொடங்குவார். அந்தச் சில பெற்றோர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் ஊருக்கு வேலை.

ஒரு திங்கட்கிழமை நீர்வேலி ஏரம்பு தாளும் கையுமாக வந்து நின்றார். வாழைத்தோட்டக்காரர், மகன் மூன்றாம் வகுப்பு.

"ரீச்சர், உது எனக்கெண்டு எழுதினதுதானே?"

"சில பெற்றோர் எண்டுதானே கிடக்கு, ஏரம்பு அண்ணை."

"சைக்கிள் பாரிலை பிள்ளையையும் ஹாண்டிலிலை வாழைக்குலையையும் கொண்டு வாறது இந்தப் பள்ளிக்கூடத்திலை நான் ஒருத்தன்தான்."

"அப்ப திருந்தவும் நீங்கள் ஒராள்தான் இருக்கிறியள். எனக்கு வேலை சுகம்."

அடுத்த நாளிலிருந்து குலை தனியாகச் சந்தைக்கும் பிள்ளை தனியாகப் பள்ளிக்கும் போயின.

ரீச்சரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தாளில் ஏதாவது பிழையாகப் போய்விட்டால் அடுத்த வெள்ளி முதல் வரியிலேயே "திருத்தம்" என்று போட்டு ஒப்புக்கொள்வார். திகதி மாறினாலும் சரி, ஒரு பிள்ளையின் மார்க்ஸ் மாறினாலும் சரி. சின்ன விசயம்தானே, விடுங்கோ என்று மாஸ்டர் சொன்னால் கேட்கமாட்டார். சனங்கள் நம்பி வாசிக்கினம் மாஸ்டர் என்பார்.

1987 தையில் நீர்வேலிப் பத்மாவதி தன் ஐந்து வயது மகள் வதனியைக் கொண்டுவந்து முதலாம் வகுப்பில் சேர்த்தாள். புருசன் சண்முகநாதன் மூன்று வருடத்துக்கு முன் ஜேர்மனிக்குப் போனவன். போகும்போது பிள்ளைக்கு இரண்டு வயது. பத்மாவதி மாதம் நாலு தாளையும் சேர்த்து மடித்துப் புருசனுக்குத் தபாலில் போடுவாள். "பிள்ளையின்ரை பேர் எங்கையேன் கிடக்கோ எண்டு தேடித் தேடி வாசிக்கிறாராம் ரீச்சர்" என்று ஒருநாள் வெட்கத்தோடு சொன்னாள். அதற்காகவே ரீச்சர் ஒருதரம் "முதலாம் வகுப்பு வதனியின் உறுப்பெழுத்து அழகு" என்று எழுதினார். அது உண்மையும்தான்.

அந்த வருட ஐப்பசியில் சண்டை தொடங்கி ஊரடங்கு போட்டார்கள். பத்மாவதிக்கு வயிற்றுக்குத்து வந்தது. மல்லித்தண்ணி கொடுத்துப் பார்த்தார்கள், ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் ஒருவரும் படலையைத் தாண்ட முடியவில்லை. நாலாம் நாள் தமையன் கதிரவேலு அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, தன் இடுப்போடு சேர்த்துச் சால்வையால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டார். பாதி வழியில் அவள் தலை அவர் முதுகில் சாய்ந்தது. குடல்வளரி வெடித்து உயிர் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

கதிரவேலுவுக்கு ஐந்து பிள்ளைகள். வீட்டில் பாதிக் கூரை செல் குண்டு விழுந்து போய், எல்லாரும் ஒரே அறைக்குள் படுத்தார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த கிழமை வதனியையும் ஒரு துணிப்பையையும் கொண்டுவந்து ரீச்சர் முன்னால் நின்றார்.

"ஒரு மூண்டு மாதம் ரீச்சர். கூரையைப் போட்டிட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன்."

ரீச்சர் யோசிக்கக்கூட இல்லை. பையை வாங்கிச் சைக்கிள் கூடைக்குள் வைத்தார்.

மூன்று மாதம் இரண்டரை வருடமாகியது. முதல் கிழமை வதனி சாப்பிடவே இல்லை. "பிள்ளை சாப்பிட மறுத்தால் பின்னால் திரியாதீர்கள், பசித்தால் தானாக வரும்" என்று தாளில் எழுதிய அதே ரீச்சர், சோற்றுக் கோப்பையோடு கிணற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். ரோட்டால் போன ஏரம்பு சைக்கிளை நிறுத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ரீச்சர், உது தாளிலை கிடந்ததுக்கு மாறெல்லோ?" என்று கேட்டார். ரீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மெல்ல மெல்லப் பிள்ளை பழகியது. பள்ளிக்கூட வளவுக்குள் "ரீச்சர்", கேற்றைத் தாண்டியதும் "அன்ரி". சைக்கிளின் முன்சில்லு கேற்றுக்கு வெளியே வந்ததும் அவள் கதைக்கத் தொடங்குவாள், வீடு வரும்வரை வாய் மூடாது. பக்கத்து மேசைப் பெட்டை பென்சிலைக் கடித்தது, மாமரத்தில் அணில் குட்டி போட்டது, தடுப்பூசி குத்தினால் கை வீங்குமோ. ரீச்சர் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுக்கொண்டு மிதிப்பார். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்தது. அது தன்னுடையதல்ல என்று தெரிந்தும் வந்தது.

சண்முகநாதனுக்கு இப்போது ரீச்சர்தான் தாள் அனுப்பினார். அவன் மறுமொழி எழுதுவான்: விசா இன்னும் சரிவரவில்லை, பிள்ளையை ஒருக்கால் பார்க்க வேண்டும், உங்களுக்கு என்ன கைமாறு செய்யப் போறேன். விசா கிடைக்கக் கூடாது என்று ரீச்சர் ஒருநாளும் செபிக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்றும் செபிக்கவில்லை.

1990 பங்குனியில் கடிதம் வந்தது. எல்லாம் சரி, சித்திரையில் வாறேன், பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப் போறேன். ரீச்சர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நேராகப் போய் வதனியின் சட்டைகளைத் தோய்க்கத் தொடங்கினார். தோய்த்த சட்டைகளைத் திரும்பவும் தோய்த்தார்.

அந்த வியாழக்கிழமை ரோனியோ அறையில் இருந்து எழுதினார்: "சில பெற்றோர் நீண்ட காலத்தின் பின் பிற நாட்டிலிருந்து வருகிறார்கள். அவர்கள் பிள்ளையைப் பழகிய வீட்டிலிருந்து உடனே பிரித்தெடுப்பது நல்லதல்ல. பிள்ளையைச் சில நாட்கள் அங்கேயே விட்டுவைக்க வேண்டும்."

பேனாவை வைத்துவிட்டு எழுதியதைத் திரும்ப வாசித்தார். பிறகு "நாட்கள்" என்ற சொல்லின் மேல் சிவப்பு மருந்தைப் பூசினார். ஊதிக் காயவைத்தார். அதன் மேல் "வருடங்கள்" என்று எழுதினார். நூற்று நாற்பது தாள் எடுத்தார்.

இந்த முறை யார் அந்தச் சில பெற்றோர் என்று ஊருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. தாளைக் கொடுத்து அனுப்பிய கையோடே ரீச்சருக்கு உடம்பு கூசத் தொடங்கியது. திருப்பி வாங்க ஏலாது. அடுத்த கிழமை ரயிலில் வந்து இறங்கிய சண்முகநாதனின் கையில் கதிரவேலு முதல் வேலையாக அதைத்தான் கொடுத்திருக்கிறார்.

சண்முகநாதன் ரீச்சர் வீட்டுக்கு வந்தபோது தாள் அவன் சட்டைப்பைக்குள் இருந்தது. மெலிந்த மனிசன். கதிரையின் விளிம்பில் இருந்தான். கொண்டுவந்த சப்பாத்தை எடுத்து மகளின் காலில் போட்டுப் பார்த்தான். பாதிக் கால்கூட உள்ளே போகவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் சப்பாத்து அது. வதனி காலை இழுத்துக்கொண்டு ரீச்சரின் பின்னால் போய் நின்றாள்.

"அளவு தெரியாமல் வாங்கிப்போட்டன்" என்றான் அவன். பிறகு தாளை எடுத்து மடியில் விரித்தான். "ரீச்சர், இதை வாசிச்சனான். அங்கை குளிருக்குள்ளை இருந்து உங்கடை தாளைப் படிச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் தகப்பனாய் இருந்தனான். நீங்கள் ஒண்டும் பிழையாய் எழுதமாட்டியள். வருசக்கணக்கிலை விடத்தான் வேணுமெண்டால் விட்டிட்டுப் போறன். நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்."

ஒரு சொல்தான். "ஓம்" என்றால் முடிந்தது. வதனி அவருடைய சேலையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல ரீச்சருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்றால், வாய்கூடத் திறந்துவிட்டது. அவன் அதை நம்பியிருப்பான். நன்றியும் சொல்லியிருப்பான்.

"பிள்ளை, குசினிக்குள்ளை போய் அப்பாவுக்குத் தண்ணி கொண்டு வாம்மா" என்று வதனியை அனுப்பினார்.

"தம்பி, அது பிழை. நான் அதை எழுதேக்கை பிள்ளையை நினைக்கேல்லை. என்னைத்தான் நினைச்சன்."

சண்முகநாதன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான்.

"நாட்கள் எண்டுதான் முதல் எழுதினனான். பிறகு நான்தான் மாத்தினனான். ஒரு பத்து நாள் இஞ்சை வந்து போங்கோ. அவளோடை கதையுங்கோ. பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ. தகப்பன் உயிரோடை இருக்க, பிள்ளை என்னட்டை ஏன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தண்ணியோடு வந்த வதனி இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைத் தாளின் முதல் வரி இது: "திருத்தம். சென்ற கிழமை பெற்றோர் கவனத்துக்கு எழுதப்பட்டது பிழையானது. பெற்ற தகப்பன் வந்து அழைத்தால் பிள்ளை போவதே சரி." ஊர் முழுக்க வாசித்தது. அதைப் பற்றி ஒருவரும் பகிடி விடவில்லை. ஏரம்பு மட்டும் ஒரு சீப்புக் கதலி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கோப்பாய்ச் சந்திவரை போய்வரப் பழகிவிட்டாள். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ரயில் வெளிக்கிட முன்னம் யன்னலால் எட்டி, "அன்ரி, அடுத்த கிழமை நானில்லாமல் ஆர் உங்களுக்குத் தாள் எண்ணித் தாறது?" என்று கேட்டாள். "மாஸ்டர் எண்ணுவார்" என்றார் ரீச்சர். வீடு திரும்பும்போது சைக்கிள் பாரம் இல்லாமல் போனது. அவர் வழியெல்லாம் அழுதார்.

ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கியது. நல்ல நேரத்தில்தான் போனது பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். ரீச்சரும் சொன்னார். பிறகு மையும் மெழுகுத்தாளும் வருவது நின்றது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ரீச்சர் தாளை ஒரு பிரதி கையால் எழுதி மாமரத்தில் கட்டிவிடுவார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொப்பித்தாளில் பார்த்தெழுதி வீடுகளுக்குக் கொண்டுபோவார்கள். பங்கர் வாசலில் பாம்பு பார்க்க வேண்டும், குண்டுச் சத்தத்துக்குப் பயந்த பிள்ளையைக் கோழை என்று பேசக் கூடாது, சவர்க்காரம் இல்லாவிட்டால் சாம்பலால் கை கழுவலாம் என்று போய்க்கொண்டிருந்தது பெற்றோர் கவனத்துக்கு.

வதனியின் கடிதங்கள் கப்பலில் வரும். இரண்டு மாதம், மூன்று மாதம் செல்லும். சில நேரம் மூன்று ஒன்றாக வரும். எல்லாவற்றிலும் "அன்புள்ள அன்ரி" என்று அந்த உறுப்பெழுத்து. பனி பெய்தது, பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் என் பெயரைச் சொல்லத் தெரியவில்லை, எப்ப நான் அங்கே வாறது? தபால்காரர் வருகிற நாட்களில் ரீச்சர் வகுப்பு யன்னலுக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொள்வார். பிள்ளைகளுக்கே அது தெரியும். சைக்கிள் மணி கேட்டால், "ரீச்சர், தபால்" என்று முழு வகுப்பும் கத்தும். ரீச்சர் ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலு பக்கம் மறுமொழி எழுதுவார். இந்தக் கடிதங்களுக்காகத்தான் அவர் இருந்தார் என்று சொன்னால் கூட்டிச் சொன்னதாகாது.

1993 தொடக்கத்தில் வந்த உறைக்குள் வதனியின் கடிதம் இருக்கவில்லை. சண்முகநாதன் எழுதியிருந்தான். முந்தின வருடம் அவன் குணலட்சுமி என்ற ஒரு பெண்ணைக் கலியாணம் செய்திருந்தான், நல்ல மனிசி. ஆனால் வதனி அவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உங்களிடமிருந்து கடிதம் வந்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இல்லை, பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போகப் போறேன் என்று நிற்கிறாள். பள்ளிக்கூடத்திலும் ஒருவரோடும் சேருவதில்லை. "என்ன செய்வதென்று தெரியவில்லை ரீச்சர். ஊரில் வேறொரு பெற்றோர் இப்படிக் கேட்டிருந்தால் தாளில் என்ன எழுதியிருப்பீர்கள்? அதை எனக்குச் சொல்லுங்கள்."

ரீச்சர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று கிழமை மறுமொழி போடவில்லை. மறுமொழி தெரியாமல் அல்ல. வாசித்த உடனேயே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்து பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை எழுதினார்.

"அன்புள்ள சண்முகநாதனுக்கு, என் கடிதங்கள்தான் பிள்ளையை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. இனி நான் எழுதப் போவதில்லை. அவள் எழுதினால் மறிக்க வேண்டாம், அனுப்புங்கள், ஆனால் நான் பதில் போடமாட்டேன். அவள் கேட்டால், ரீச்சர் சுகம், வேலை அதிகம் என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். கோபம் ஆறுகிற இடத்தில் குணலட்சுமி நிற்பா. பிள்ளை அங்கே வேர் பிடிக்க வேண்டும்."

இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகு வதனியின் கடிதங்கள் நாலு வந்தன. முதலாவதில், அன்ரி சுகமில்லையோ என்று கேட்டிருந்தாள். இரண்டாவதில், நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டிருந்தாள். மூன்றாவது அரைப்பக்கம். நாலாவது கிறிஸ்மசுக்கு வந்த ஒரு நத்தார்க் கார்ட், கீழே பெயர் மட்டும். ஒவ்வொன்றுக்கும் ரீச்சர் கையில் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தரமும் கீழே வைத்தார். அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் சைக்கிள் மணி கேட்டால் அவர் தலை நிமிரும். பிள்ளைகள்தான் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

1995 ஆனியில் ஒரு கடிதம் வந்தது. இடைவேளை நேரம், ரீச்சர் அதிபரின் அறையில் இருந்து அதைப் பிரித்தார். உள்ளே சண்முகநாதனின் எழுத்து. ஒரு பக்கம்தான்.

வாசித்து முடித்துவிட்டு மாஸ்டரிடம் நீட்டினார். செல்வநாயகம் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். "வதனி இப்போது நல்ல சந்தோசமாக இருக்கிறாள். வகுப்பில் முதலாம் பிள்ளை. குணலட்சுமியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அவவோடுதான் எல்லாம். பழைய கதைகள் ஒன்றும் எடுப்பதில்லை, உங்களையும் இப்போது கேட்பதில்லை. நீங்கள் சொன்னபடி செய்ததால்தான் எல்லாம் சரிவந்தது. எந்தப் பெற்றோருக்கும் இப்படி ஒரு ரீச்சர் கிடைக்க வேண்டும்."

மாஸ்டருக்குப் பெருமையாக இருந்தது. கடிதத்தைக் கவனமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பார்த்தியளே ரீச்சர்! நீங்கள் சொன்னது அப்பிடியே பலிச்சிருக்கு."

"ஓம் மாஸ்டர், பலிச்சிட்டுது" என்றார் அருமைநாயகி ரீச்சர். மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடும் சத்தம் கேட்டது. அவர் எழும்பவில்லை. "இது ஒண்டாவது பிழையாய்ப் போயிருக்கக் கூடாதோ?" என்று கேட்டுவிட்டு, மாஸ்டரின் மேசையில் தலையை வைத்து, பிள்ளைகளுக்குக் கேட்கும் என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதார்.